காருக்குள் தண்ணீர் வருகிறதா? கடற்கரைக் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐப்பசி அடைமழை பிடித்ததும் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளைத் தொகுத்துத் தருகிறேன். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டியிலிருந்து வருகிறவரும் சாயல்குடியிலிருந்து வருகிறவரும் ஏறக்குறைய ஒன்றையேதான் கேட்கிறார்கள். அவர்களுடைய சொற்களை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன். பலர் ஓட்டை எங்கே என்று தெரியாமலேயே பசையை வாங்கிவந்து கண்ட இடத்தில் பூசிவிட்டு, அடுத்த மழையில் மறுபடியும் வந்து நிற்கிறார்கள். பணமும் போய், தகடும் அரித்துப்போன பிறகு பார்க்க வேதனையாக இருக்கிறது. அதனால் அடைக்கும் வழியைவிடத் தேடும் வழியைப் பற்றியே இதில் அதிகம் எழுதியிருக்கிறேன்.

கால் வைக்கும் இடத்தில் மேட் நனைந்து கிடக்கிறது. எந்த வழியாக வந்திருக்கும்?

வழியைத் தேடும் முன், வந்திருப்பது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். மழைநீர், ஏ.சி. வடிக்கும் நீர், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், கடலிலிருந்து காலோடும் துணியோடும் ஏறும் உப்புநீர் என்று நான்கு உண்டு. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஒரு வெள்ளைத் துணியை ஈரத்தில் அழுத்தி எடுங்கள். நிறமும் வாடையும் இல்லாமல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் ஏ.சி. நீர். மண்ணும் இலைத்தூளும் கலந்து பழுப்பாக இருந்தால் மழைநீர். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் தெரிந்து விரலில் பிசுபிசுத்தால் கூலன்ட். துணி காய்ந்த பிறகு அதில் வெள்ளையாகப் பூத்தால் உப்பு. உவர்ப்பான போர் தண்ணீரில் வண்டி கழுவுகிறவர்களுக்கும் அப்படிப் பூக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எப்போது நனைகிறது என்பதையும் கவனியுங்கள். மழையில் நிற்கும்போதா, ஓடும்போதா, ஏ.சி. போட்ட பிறகா, கண்ணாடி கழுவும் பொத்தானை அழுத்திய பிறகா? இன்னொன்று, ஈரம் தெரியும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கூரை ஓரத்தில் நுழைந்த நீர் தகட்டின் உட்புறமாகவே வழிந்து, காலடியில் வந்துதான் முகம் காட்டும்.

மழையே இல்லை. சித்திரை வெயிலில் இடது பக்கம் முன்னால் தண்ணீர் நிற்கிறது. இது எப்படி?

ஏ.சி. நீர். காற்றில் இருக்கும் ஈரம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்சுருளில் படிந்து நீராக வடிகிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அதனால் நீண்ட ஓட்டத்தில் லிட்டர் கணக்கில் வடியும். அது ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போய்விட வேண்டும். அந்தக் குழாயின் வாயில் மணல் அடைத்துக்கொண்டாலோ குளவி மண்கூடு கட்டிவிட்டாலோ நீர் உள்ளேயே தேங்கி, இடது பக்கக் காலடியில் வழிகிறது. வளைவில் திரும்பும்போது பக்கத்தில் இருப்பவர் காலில் திடீரென்று ஊற்றினால் சந்தேகமே வேண்டாம்.

வண்டியைப் பள்ளத்தின் மேலோ ராம்ப்பிலோ நிறுத்திப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகட்டில், பெரும்பாலான வண்டிகளில் இடது பக்கத்தில், அந்தக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். நுனியை விரலால் பிசைந்து மண்ணை உதிருங்கள். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள். இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம். டயர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடிக்கவும் வேண்டாம்; உள்ளே குழாய் கழன்றால் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். அடைப்பு விட்டதும் அழுக்குத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும்.

வண்டியை நிறுத்தினால் அடியில் தண்ணீர் சொட்டுகிறது. கோளாறா?

ஏ.சி. போட்டு ஓட்டியிருந்தால் அது சொட்டத்தான் வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏ.சி. ஓடியும் சொட்டவில்லை என்றால்தான் மேலே சொன்ன குழாயைப் பார்க்க வேண்டும். சொட்டுவது நிறமாகவோ எண்ணெயாகவோ இருந்தால் அது வேறு விஷயம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் படிந்த மாதிரி மங்குகிறது, இனிப்பு வாடையும் வருகிறது. என்ன அது?

கூலன்ட் கசிகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் சுருளிலோ அதன் இணைப்பிலோ ஓட்டை விழுந்திருக்கும். ஹீட்டரை நாம் போடுவதே இல்லை என்றாலும் பல வண்டிகளில் அதற்குள் கூலன்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவின் அளவைப் பாருங்கள், இறங்கியிருந்தால் உறுதி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

இதை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம். கூலன்ட் குறைந்தபடியே ஓட்டினால் இன்ஜின் சூடேறிக் கெட்டுவிடும். கூலன்ட் நஞ்சு, இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். குழந்தைகள் உள்ள வீடுகளில் நனைந்த மேட்டை உடனே எடுத்துவிடுங்கள்.

மழைத்தண்ணீர்தான் என்று தெரிந்துவிட்டது. முதலில் எங்கே பார்ப்பது?

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில். பானெட்டைத் திறந்தால் அங்கே கறுப்பு பிளாஸ்டிக் தட்டி தெரியும். கண்ணாடியில் விழும் மழை முழுவதும் அந்தத் தட்டிக்குள் இறங்கி, இரண்டு ஓரமும் உள்ள வடிகால் வழியாக முன்சக்கரத்துக்குப் பின்னால் போக வேண்டும். நம் பக்கம் நிழல் என்றால் வேம்பும் புளியும் உடைமரமும் சீமைக் கருவேலமும்தான். நான்கிலும் இலை சிறியது. பெரிய இலை தட்டியின் மேலேயே நின்றுவிடும், கையால் அள்ளிப் போடலாம். கருவேல இலை துளை வழியாக உள்ளே இறங்கி, தூசியோடு சேர்ந்து, வடிகால் வாயில் களிமண்ணைப் போல இறுகிவிடும். பிறகு பள்ளத்தில் நீர் ஏறி, ஏ.சி.க்குக் காற்று எடுக்கும் வாய் வழியாக உள்ளே வழியும்.

தட்டியைக் கழற்றிக் கையால் அள்ளுங்கள். ஒரு குவளை நீரை ஊற்றி, இரண்டு பக்கமும் கீழே கொட்டுகிறதா என்று பாருங்கள். புரட்டாசி கடைசியில் இதை ஒரு முறை செய்துவிட்டால், அந்த மழைக்காலத்துக்குப் பெரும்பாலான வண்டிகளுக்குப் பட்டறையே தேவைப்படாது.

அங்கே சுத்தமாக இருந்தால், வயர்கள் தடுப்புத் தகட்டைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையங்களைப் பாருங்கள். கூடுதல் ஹாரன், விளக்கு, பாட்டுப்பெட்டி என்று பொருத்தியவர்கள் அந்த ரப்பரைக் கிழித்து வயரை நுழைத்திருப்பார்கள். அடுத்தது முன்கண்ணாடியின் விளிம்பு. கல் பட்டு உடைந்து கண்ணாடி மாற்றிய வண்டி என்றால் அதை முதல் வரிசையிலேயே சந்தேகப்படுங்கள்.

எல்லோரும் ஹோஸ் பிடித்து அடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் குடிக்கவே தள்ளுவண்டியில் குடம் வைத்துக் கொண்டுவருகிறோம். என்ன செய்வது?

இரண்டு குடம் போதும். போர் தண்ணீரை அடித்துத் தேடினால், ஓட்டை வழியாக உப்பும் உள்ளே போய்விடும். பூவாளியில் நல்ல தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளே ஈரமே இல்லாமல் துடைத்து, மேட்டையும் கார்ப்பெட்டையும் தூக்கி, தகடு தெரியும்படி வையுங்கள். சந்தேகமான இடங்களில் உலர்ந்த செய்தித்தாள் துண்டுகளை ஒட்டுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து ஊற்ற வேண்டும்.

ஊற்றுவது கீழிருந்து மேலாக: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கண்ணாடி விளிம்பு, கடைசியில் கூரை. மேலே தொடங்கினால் நீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டே இறங்கும். எது ஓட்டை என்று தெரியாமல் போகும். ஓர் இடத்தில் ஐந்து நிமிடமாவது விட்டு விட்டுச் சிறுகச் சிறுக ஊற்றிக் காத்திருங்கள். அவசரப்பட்டால் கண்டுபிடிக்க முடியாது. சர்வீஸ் கடைகளில் அடிக்கும் வேகமான பீய்ச்சலும் உதவாது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையான பீடிங் நன்றாக இருந்தாலும் அதையும் அது தாண்டிவிடும்.

தண்ணீரே இல்லாமல் தேடவும் ஒரு வழி உண்டு. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் ஏ.சி. விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே காற்று நிறைந்து அழுத்தும். சோப்புத் தண்ணீரை வெளியே இணைப்புகளில் தெளித்தால், காற்று கசியும் இடத்தில் குமிழ் விடும். பின் பம்பருக்குள் காற்று வெளியேறும் வாய்கள் இயல்பாகவே உண்டு. அங்கே குமிழ் வந்தால் கவலை வேண்டாம்.

கதவை மூடும்போது உள்ளே களக் களக்கென்று தண்ணீர் ஆடுகிறது. கதவுக்குள் எப்படிப் போனது?

கதவுக்குள் மழைநீர் போவது இயல்புதான். கண்ணாடியை ஒட்டியிருக்கும் ரப்பர் நீரை முழுதாகத் தடுப்பதில்லை. உள்ளே இறங்கும் நீர் கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறிவிட வேண்டும். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை போய் வருகிற வண்டிகளில் மணல் அந்தத் துளைகளை அடைத்துவிடும். தென்னை ஈர்க்குச்சியால் கிளறினாலே நீர் கொட்டிவிடும். நாள்பட விட்டால் கதவின் அடித்தகடு உள்ளிருந்து அரித்து, வெளியே பெயின்ட் உப்பி வரும்.

கதவில் தேங்காமலேயே காலடி நனைந்தால், கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பாருங்கள். நீரைக் கதவுக்குள்ளேயே நிறுத்துவது அந்தத் தாள்தான். ஸ்பீக்கர் மாற்றவோ லாக் பழுதுபார்க்கவோ கழற்றியவர்கள் அதைக் கிழித்துவிட்டு, சாதாரண டேப்பால் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு வெயில் காலம் போனால் டேப் உதிர்ந்துவிடும். கறுப்பாக, காயாமல் பிசுக்கென்று இருக்கும் பியூட்டைல் டேப் வாங்கி, தாளைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல், முக்கியமாகக் கீழ் விளிம்பில், அழுத்தி ஒட்டுங்கள்.

பாம்பன் பாலத்தில் போகும்போது மட்டும் கதவு ஓரமாக நீர் தெறிக்கிறது. நிற்கும்போது ஒன்றும் இல்லை. பீடிங் மாற்ற வேண்டுமா?

பாலத்தின் மேல் காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. வண்டியும் வேகமாக ஓடுகிறது. அந்த அழுத்தத்தில் கதவின் மேல்சட்டம் சற்றே வெளியே இழுபடும். பீடிங் மென்மையாக இருந்தால் உப்பி அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் இறுகியிருந்தால் நிரப்பாது.

ஒரு செய்தித்தாள் பட்டையைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். கதவைச் சுற்றிலும் இப்படிச் செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடித்து வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வழுக்கி வந்தால் அங்கே பீடிங் அமுங்கியிருக்கிறது. சுற்றிலும் தளர்வாக இருந்தால் பீடிங் மாற்றுவதற்கு முன் கதவு லாக் கொக்கியை ஒரு நல்ல டிங்கரிடம் சிறிது உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பல நேரம் அதுவே போதும். பீடிங்கில் உள்ள மணலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸ் தடவலாம். இன்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம்; ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது. டிக்கி ரப்பர் புதிதுதான்.

பின்விளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள ஸ்பாஞ்ச் வாஷர் நொறுங்கியிருக்கும். அது சரியாக இருந்தால் மேலே உள்ள பிரேக் விளக்கு, கூரையும் பக்கத்தகடும் சேரும் இணைப்பு, பம்பருக்குள் இருக்கும் காற்று வாய் என்று வரிசையாகப் பாருங்கள். பின்னால் இடி வாங்கிப் பட்டி பார்த்த வண்டி என்றால் தகட்டு இணைப்பில் தேடுங்கள். பின்கண்ணாடிக்கு வைப்பர் உள்ள வண்டியில், நீர் கொண்டுபோகும் மெல்லிய குழாய் கூரைக்குள் கழன்றிருந்தாலும் இப்படித்தான் வரும். அந்த நீரில் சோப்பு வாடை இருக்கும்.

தேடுவதற்காகப் பெரியவர் ஒருவர் பின்சீட்டை மடக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளைகளை டிக்கிக்குள் வைத்து மூடாதீர்கள்.

சன்ரூஃப் வண்டி. ஓரத்தில் சொட்டுகிறது.

சன்ரூஃப் ரப்பரைத் தாண்டிச் சிறிது நீர் வரும் என்று எண்ணித்தான் கீழே ஒரு தொட்டியும், மூலைகளில் வடிகுழாய்களும் வைத்திருக்கிறார்கள். மூலையில் அரை டம்ளர் நீர் ஊற்றுங்கள். கீழே வந்துவிட்டால் குழாய் நன்றாக இருக்கிறது. வரவில்லை என்றால், மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் தடித்த தங்கூசியை (நைலான் தூண்டில் இழை) ஒரு முழ நீளத்துக்கு மேல் வெட்டி, நுனியை மழுங்கடித்து, மெதுவாக விட்டு எடுங்கள். சன்ரூஃப் ரப்பரின் மேல் பசை பூசுவது வீண்.

டாக்சி வண்டி. மேலே கேரியர் போட்ட பிறகுதான் ஒழுகத் தொடங்கியது.

கேரியர் பொருத்தக் கூரையில் துளை போட்டிருப்பார்கள். அல்லது கூரை ஓரத்துப் பள்ளத்தில் கவ்வியை இறுக்கி, அங்கிருந்த இணைப்புப் பசையைக் கிளப்பிவிட்டிருப்பார்கள். ராமேசுவரத்துப் பயணிகளின் மூட்டைகளைச் சுமந்து சுமந்து அது ஆடும். ஆட ஆட விரியும். கேரியரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகுதான் அடைக்க வேண்டும். போல்ட்டைச் சுற்றி வெறுமனே பசை வைத்தால் ஒரு மாதம் தாங்காது.

கடையில் கழுவும்போது ஒரு சொட்டு வரவில்லை. வீட்டு வாசலில் மழையில் நின்றால் மட்டும் ஒழுகுகிறது. ஏன்?

கடையில் வண்டி சமதளத்தில் நிற்கிறது. வீட்டில் ஒரு பக்கச் சக்கரம் திண்ணைச் சரிவில் ஏறி நிற்கும். சரிவு மாறினால் நீர் வழியும் பாதையும் மாறும். காற்றும் உண்டு: ஐப்பசி, கார்த்திகை மழை வாடைக்காற்றோடு சாய்ந்து அடிக்கிறது. வண்டியின் முகம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து நனையும் பக்கம் மாறும்.

ஆகவே வீட்டில் எப்படி நிற்குமோ அதே சரிவில் நிறுத்தித்தான் பூவாளிச் சோதனையைச் செய்ய வேண்டும். ஓர் இரவு வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள். ஒழுகல் நின்றாலோ பக்கம் மாறினாலோ தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

எந்தப் பசை நல்லது? கண்ணாடிக் கடை சிலிக்கான் போதுமா? படகுக்குப் பூசும் ரெசின் வீட்டில் இருக்கிறது, அதைப் பூசலாமா?

புளித்த காடி வாடை வீசும் சிலிக்கான் வேண்டாம். காயும்போது அது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. தகட்டில் பட்டால் துருவுக்கு அதுவே தொடக்கம். அதன் மேல் பெயின்ட்டும் பிடிக்காது, பிறகு வேறு பசையும் ஒட்டாது. முன்கண்ணாடிக்கும் தகட்டு இணைப்புகளுக்கும் பாலியூரித்தேன் பசை. கதவுத் தாளுக்கு பியூட்டைல். விளக்குகளுக்குப் புதிய வாஷர். இவ்வளவுதான் தேவை.

ரெசின் ஃபைபர் படகுக்குச் சரியான பொருள். ஃபைபரின் மேல் ஃபைபர் பிடித்துக்கொள்ளும். காரின் தகட்டு இணைப்பு ஓடும்போது அசைந்துகொண்டே இருக்கும். வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். கல்லாக இறுகும் ரெசின் அங்கே மயிரிழையாக விரிசல் விடும். அந்த விரிசலில் நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே தங்கித் தகட்டைத் தின்னும். ரெசினைச் சுரண்டி எடுத்துப் பார்த்தால் கீழே தகடே இல்லாத வண்டிகள் வருகின்றன. தயவுசெய்து பூசாதீர்கள்.

கண்ணாடி விளிம்புச் சட்டத்தில் துரு இருந்தால், எந்தப் பசையும் துருவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கண்ணாடியை எடுத்து, துருவை நீக்கி, பிரைமர் அடித்து, மறுபடி ஒட்டுவது ஒன்றே வழி. விபத்தில் கண்ணாடி பிடித்து நிற்பதும் இந்த ஒட்டலால்தான். எனவே அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று. எங்கும் ஒழுகவில்லை. ஆனால் கார்ப்பெட் காயவே மாட்டேன் என்கிறது. பகலில் காய்ந்தால் இரவில் மறுபடி ஈரம்.

உப்பு. இந்தக் கடற்கரைக்கே உரிய தொல்லை இது. அடுப்படி உப்புச்சாடி மழைக்காலத்தில் கசிவதைப் போலத்தான் கார்ப்பெட்டும் கசிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல்நீரில் உள்ள மக்னீசிய உப்புக்கு அந்த அளவு ஈரம்கூடத் தேவையில்லை. கடலோரத்தில் இரவுக் காற்று அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடுகிறது. அக்னி தீர்த்தத்தில் முழுகி ஈரத்துணியோடு ஏறுகிற பயணிகள், தனுஷ்கோடியில் அலையில் நின்றுவிட்டு அப்படியே ஏறுகிற பிள்ளைகள், டிக்கியில் ஐஸ் உருகி வழியும் மீன்பெட்டி எல்லாம் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது. உப்பு ஸ்பாஞ்சிலேயே தங்கிவிடுகிறது.

கார்ப்பெட்டை எவ்வளவு வெயிலில் போட்டாலும் இது தீராது. கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, மறுபடி அலச வேண்டும். பிழிந்த நீரைக் கறுப்புத் தட்டில் ஒரு சொட்டு காயவிடுங்கள். வெள்ளைப் படிவு நின்ற பிறகு நிறுத்தலாம். போர் தண்ணீரில் அலசினால் உப்பு போய் உப்பு வந்த கதைதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளிலோ, மழைநீரைப் பிடித்தோ செய்யுங்கள். ஐப்பசி மழையில் கூரைநீரை ஒரு டிரம்மில் பிடித்தால் செலவே இல்லை. அடித்தகட்டையும் நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

பிறகு மணலும் ஈரமும் தங்காத, விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட் போடுங்கள். ஏறும் முன் காலைக் கழுவ ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் வண்டியில் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் வெயிலே இல்லை. நனைந்த வண்டியை எப்படிக் காயவைப்பது?

கார்ப்பெட்டின் மேல்புறத்தைத் தடவிப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அதன் அடியில் கனமான ஸ்பாஞ்ச் உண்டு. மேலே காய்ந்த பிறகும் வாரக்கணக்கில் அது நீரை வைத்திருக்கும். சீட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் மரத்துண்டு வைத்து, மின்விசிறியை நேராகத் திருப்பிவிடுங்கள். முதலில் துண்டால் ஒற்றி, நீர் உறிஞ்சும் வாக்குவம் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஓடும்போது ஏ.சி.யை உட்காற்றுச் சுழற்சியில் போட்டால் உள்ளே இருக்கும் ஈரத்தை அது இழுத்து வெளியே வடித்துவிடும். ஓரிரு நாளில் காயவில்லை என்றால் பூஞ்சை பிடித்து வாடை வரும். வாசனைத் திரவியம் அடிப்பதால் பூஞ்சை சாகாது. உப்பைக் கிண்ணத்தில் வைத்து ஈரத்தை இழுக்கும் யோசனையைச் சிலர் சொல்கிறார்கள். முந்தைய பதிலைப் படித்த பிறகு அதைச் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தண்ணீர் புகுந்த பிறகு ஏர்பேக் விளக்கு எரிகிறது. காய்ந்தால் அணைந்துவிடுமா?

அணைந்தாலும் விட்டுவிடக் கூடாது. சீட்டுக்கு அடியில் வயர் இணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். மஞ்சள் நிற இணைப்புகள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றை நீங்களே பிடுங்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்த பிறகு, பயிற்சி பெற்ற மெக்கானிக்தான் தொட வேண்டும். மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிறக் கேபிள்களின் அருகே கையே போகக் கூடாது.

தெருவில் வெள்ளம் ஏறி வண்டி நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் சீட் உயரத்துக்கு நீர் ஏறிவிடும். இன்ஜினுக்குள் நீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால், பிஸ்டன் அந்த நீரை அழுத்த முயலும். நீர் சுருங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

முழுக் காப்பீடு இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கிடைக்காது. நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் கெட்ட இன்ஜினுக்கு, இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு இல்லாவிட்டால் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். நீர் நின்ற உயரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கடல்நீர் கலந்த வெள்ளம் என்றால் காயும்வரை காத்திருக்காமல் நல்ல தண்ணீரில் அலசத் தொடங்குங்கள். காய்ந்த பிறகு உப்பை எடுப்பது பல மடங்கு கடினம்.

பழைய கார் வாங்கப் போகிறேன். வெள்ளத்தில் நின்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மிதந்தன. அந்தப் பக்கத்து வண்டி மலிவாக வந்தால் கூடுதலாகப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கழுவுகிறவர்கள் மறந்துவிடும் இடம் அது. நீர்மட்டக் கோடோ வண்டலோ தெரியும். சீட் தண்டவாளத்தின் உட்புறம், ஸ்டெப்னிப் பள்ளம், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள கம்பிகள் ஆகியவற்றைத் தடவுங்கள். பழைய வண்டியில் கார்ப்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சீட் போல்ட்டில் கழற்றிய தடம் இருந்தாலும் அப்படியே.

கடைசியாக ஒன்று. எத்தனை முறை அடைத்தாலும் தேங்குகிறது. தரையில் ஒரு துளை போட்டு நீரை வடித்துவிட்டால் என்ன?

போடாதீர்கள். தரைக்கு அடியில் பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் வயரும் ஓடுகின்றன; டிரில் எதில் படும் என்று மேலிருந்து தெரியாது. துளை போட்ட விளிம்பில் பெயின்ட் இருக்காது. கடற்கரைச் சாலையில் சக்கரம் தெறிக்கும் உப்புநீர் நேராக அங்கே ஏறும். வடிக்கப் போட்ட துளை வழியாகவே கீழிருந்து நீர் வரத் தொடங்கும்.

தரையில் துளைகள் ஏற்கெனவே உண்டு. கார்ப்பெட்டைத் தூக்கினால் வட்டமான ரப்பர் அடைப்பான்கள் தெரியும். அவற்றைக் கழற்றித் தேங்கிய நீரை வடித்துவிட்டு, இறுக்கமாகத் திருப்பிப் பொருத்துங்கள். காய்ந்து வெடித்த அடைப்பானை அதே அளவில் மாற்றிவிடுங்கள். அது சில வண்டிகளில் ஒழுகலுக்கே காரணமாக இருக்கும். யாராவது முன்பே டிரில் போட்டிருந்தால், துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, ரப்பர் அடைப்பான் போட்டு, அடிப்பக்கத்தில் கோட்டிங் அடித்துவிடுங்கள். அதன் பிறகு, நீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்று பூவாளியோடு மறுபடி தேடத் தொடங்குங்கள்.